அலுவலகத்தில் அண்ணன், வாசலில் பெரியப்பா: வியட்நாம் பற்றி வாசகர் கேள்விகள்

தூத்துக்குடி சிப்காட் வளாகத்தில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் மின்சாரக் கார் தொழிற்சாலைக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, 2025 ஆகஸ்டில் அதைத் திறந்தும் விட்டது. அதிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் வியட்நாம் தவறாமல் இடம்பெறுகிறது. திருப்பூரிலிருந்தும் கரூரிலிருந்தும் அந்நாட்டைப் போட்டியாளராகப் பார்த்து எழுதுகிறார்கள்; தெற்கிலிருந்து எழுதுபவர்களோ அங்கிருந்து வந்தவர்களோடு ஒரே கூரையின் கீழ் வேலை பார்க்கிறார்கள். ஹனோயில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் இந்த இதழின் கேள்விகளை மொத்தமாக அந்த நாட்டுக்கே ஒதுக்கிவிட்டேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊர்ப் பெயர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: புதிதாக அறிமுகமான வியட்நாமியப் பொறியாளர், கைகுலுக்கிய இரண்டாம் நிமிடமே நான் எந்த வருடம் பிறந்தவன் என்று கேட்டார். அடுத்து, திருமணமாகிவிட்டதா என்றார். இதெல்லாம் அங்கே வழக்கமா, அல்லது இவர் மட்டும்தான் இப்படியா? (தூத்துக்குடி வாசகர்)

வழக்கம்தான். அதைவிட, அந்த மொழியில் அது இல்லாமல் வேலை நடக்காது. உங்கள் வயது தெரியாதவரை உங்களை எப்படி அழைப்பது, தன்னை எப்படிச் சொல்லிக்கொள்வது என்பதே ஒரு வியட்நாமியருக்குத் தெரியாது. நம்முடைய 'நான்', 'நீங்கள்' போல எல்லோருக்கும் பொருந்தும் சொற்கள் அங்கே அன்றாடப் பேச்சில் மிகக் குறைவு. 'தோய்' என்று ஒரு 'நான்' உண்டு. அது மேடைக்கும் மனுவுக்கும் சரி, அடுத்த மேசைக்காரரிடம் சொன்னால் ஏதோ மனத்தாங்கல் என்று நினைத்துக்கொள்வார். மற்றபடி எல்லாமே உறவுமுறைதான். தன்னைவிடச் சற்று மூத்த ஆண் 'அன்', அதாவது அண்ணன். மூத்த பெண் 'சி', அதாவது அக்கா. இளையவர் ஆணானாலும் பெண்ணானாலும் 'எம்'. அப்பாவைவிட இளையவர் என்று தோன்றினால் 'சூ', நம் சித்தப்பா. அப்பாவைவிட மூத்தவர் என்றால் 'பாக்', நம் பெரியப்பா.

இதில் நமக்குப் பிடிபடச் சற்று நேரமாவது, இந்தச் சொற்களே 'நான்' என்பதற்கும் நிற்கின்றன என்பதுதான். ஒரே ஆள் காலையில் வாசற்காவலரான முதியவரிடம் பேசும்போது பிள்ளையாகவும், மேலாளரிடம் பேசும்போது தம்பியாகவும், புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் பேசும்போது அண்ணனாகவும் தன்னைச் சொல்லிக்கொள்கிறார். அவருடைய 'நான்' ஒரு நாளில் பத்து முறை மாறுகிறது. யோசித்துப் பார்த்தால் இது நமக்கு அவ்வளவு அந்நியமும் இல்லை. 'அண்ணன் சொல்றேன், கேளு' என்று நாமும் சொல்கிறோம். அவர்கள் அதை எப்போதும் சொல்கிறார்கள், அவ்வளவுதான். ஹோ சி மின்னை அந்நாட்டினர் 'பாக் ஹோ' என்பார்கள். ஆங்கிலத்தில் அது 'அங்கிள்' ஆகி, அதில் இருந்த வயதும் மரியாதையும் கரைந்துபோய்விட்டன. தமிழில் 'ஹோ பெரியப்பா' என்று சொல்லிவிட்டால் மூலத்தில் உள்ளது உள்ளபடியே கிடைத்துவிடுகிறது.

வேலையிடத்தில் இதன் விளைவு என்ன என்றால், பதவிக்கும் வயதுக்கும் இடையே எப்போதும் ஓர் இழுபறி. முப்பது வயது மேலாளர், நாற்பத்தைந்து வயது தொழில்நுட்பரை 'அன்' என்று அழைத்து, தன்னை 'எம்' என்று சொல்லிக்கொண்டே வேலை வாங்க வேண்டியிருக்கிறது. தம்பியாக இருந்துகொண்டு அண்ணனைக் கண்டிப்பது எப்படி? அதற்காகத்தான் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள் போலும். 'ஷெஃப்' என்பது அங்கே 'செப்' ஆகிவிட்டது. வயது என்னவானாலும் முதலாளியும் மேலதிகாரியும் 'செப்'. இளைய மேலதிகாரிக்கும் மூத்த ஊழியருக்கும் இடையே பல சங்கடங்களை அந்த ஒற்றைச் சொல் தீர்த்துவைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எனவே அவர் கேட்டால் வருடத்தைச் சொல்லிவிட்டு, நீங்களும் திருப்பிக் கேளுங்கள். அவர் மூத்தவராக இருந்தால் பெயருக்கு முன் 'அன்' சேர்த்து அழைத்துப் பாருங்கள். அந்த ஒரு சொல்லுக்கு இருக்கும் பலன் ஒரு மாத மொழிப் பயிற்சிக்கு இருக்காது.

கேள்வி: எனக்கு வரும் மின்னஞ்சல்களில் எல்லோருமே 'நுயென்' ஆக இருக்கிறார்கள். இவர்கள் அனைவரும் ஒரே குடும்பமா? யாரை எப்படி அழைப்பது? (பாளையங்கோட்டை வாசகர்)

ஒரே குடும்பமில்லை; ஏறத்தாழப் பத்துக்கு நான்கு வியட்நாமியருக்கு அதுதான் குடும்பப் பெயர். 1802 முதல் 1945 வரை ஆண்ட அரச மரபின் பெயரும் அதுவே. அரசர்கள் தங்கள் பெயரைப் பரிசாகக் கொடுத்ததும், ஆட்சி மாறும்போது பழைய அரசகுலத்தார் பிழைத்துக்கொள்ளப் பெயரை மாற்றிக்கொண்டதும் சேர்ந்து இந்தப் பெயரை இவ்வளவு பெருக்கிவிட்டன என்பார்கள். குடும்பப் பெயர் முதலிலும், சொந்தப் பெயர் கடைசியிலும் வரும். மரியாதையாக அழைப்பதும் கடைசிப் பெயரால்தான். தியென் பியென் ஃபூவில் 1954 இல் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த வோ நுயென் ஸாப்பை உலகமே ஜெனரல் ஸாப் என்று அழைத்தது; ஜெனரல் வோ என்று யாரும் அழைக்கவில்லை. பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் தங்கள் பெயரை மாற்றிக்கொள்வதில்லை.

கேள்வி: நான் பம்பு உதிரிப்பாகங்கள் ஏற்றுமதி செய்கிறேன். நம் நேரம் காலை பத்தரை மணிக்கு ஹனோய்க்குத் தொலைபேசினால் யாரும் எடுப்பதே இல்லை. வேலை நேரத்தில் எங்கே போகிறார்கள்? (கோயம்புத்தூர் வாசகர்)

எங்கேயும் போகவில்லை. மேசைக்கடியில் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் முன்னே ஓடுவதால், உங்கள் பத்தரை அவர்களுக்கு நடுப்பகல் பன்னிரண்டு.

கேலியாகச் சொல்லவில்லை. நான் வேலை பார்த்த அலுவலகத்தில் முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். பதினொன்றரைக்கு எல்லோரும் சாப்பிடக் கிளம்பினார்கள். தெருமுனைக் கடையில் சோறு, கீரைச்சாறு, வறுத்த மீன், நடுவில் ஒரு கிண்ணம் மீன் சாறு. இளையவர்கள் ஒவ்வொரு மூத்தவரையும் முறை சொல்லி 'சாப்பிடுங்கள்' என்று அழைத்துவிட்டுத்தான் குச்சியை எடுத்தார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. திரும்பி வந்து நான் கணினியைத் திறந்தேன். சரியாகப் பன்னிரண்டுக்கு யாரோ விளக்கை அணைத்தார்கள். இன்னொருவர் திரைச்சீலையை இழுத்தார். கணக்குப் பிரிவு அக்கா மேசையின் கீழிருந்து ஒரு மடக்குக் கட்டிலை எடுத்து விரித்து, பூனைப் படம் போட்ட போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். கட்டில் இல்லாதவர்கள் பாயைப் போட்டார்கள், அதுவும் இல்லாதவர்கள் நாற்காலிகளை வரிசையாகச் சேர்த்துப் படுத்தார்கள். இருபது பேர் சீராக மூச்சுவிடும் இருட்டறையில் என்னுடைய விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது. ஐந்து நிமிடம் கழித்து, எனக்கு அடுத்த மேசைக்காரர் கண்ணைத் திறக்காமலேயே, 'தம்பி, அதை ஒரு மணிக்கு மேல் அடித்துக்கொள்ளலாம்' என்றார். ஒன்றே காலுக்கு ஒரு கைப்பேசி கூவியது, விளக்கு எரிந்தது, கட்டில்கள் மறைந்தன, வாடிக்கையாளர் வந்து பார்த்தால் அங்கே யாரும் தூங்கினார்கள் என்பதற்குத் தடயமே இருக்காது.

இதைச் சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள். பள்ளிகளும் பல தொழிற்சாலைகளும் காலை ஏழு, ஏழரைக்குத் தொடங்கிவிடும் நாடு அது. ஐந்தரைக்கே பூங்காக்களில் உடற்பயிற்சிக் கூட்டம் நிரம்பியிருக்கும். அதிகாலையில் எழுந்து வயல் வேலையை வெயிலுக்கு முன் முடித்து, உச்சியில் படுத்து, வெயில் தாழ்ந்தபின் மீண்டும் இறங்கிய உழவர்களின் நாள்தான் அலுவலகத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. அரசு அலுவலகங்கள் பதினொன்றரை முதல் ஒன்றரை வரை சன்னலை மூடிவிடும். வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் வண்டி இருக்கையிலேயே மல்லாந்து, கைப்பிடியில் காலைத் தூக்கிப் போட்டு, நெரிசலான சாலையோரத்தில் ஒரு பக்கமும் சாயாமல் தூங்கும் வித்தையை வேறெங்கும் நான் கண்டதில்லை. அந்த வண்டிக்குப் பெயரே 'ஸே ஓம்', கட்டிப்பிடிக்கும் வண்டி. பின்னால் உட்காருபவர் ஓட்டுநரைப் பிடித்துக்கொள்வதால் வந்த பெயர்.

தொழிற்சாலை வரிசைகளில் இந்தச் சுகம் இவ்வளவு இல்லை. ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ நீளும் வேலைக்குக் குறைந்தது 30 நிமிட இடைவேளை, இரவில் 45 நிமிடம் என்பது சட்டம். அதற்குள் சாப்பிட்டுவிட்டு இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே அட்டையை விரித்துக் கண்ணயர்வார்கள். நீங்கள் நம் நேரம் காலை எட்டரைக்கு அல்லது பிற்பகல் ஒரு மணிக்கு அழைத்துப் பாருங்கள், முதல் மணியிலேயே எடுப்பார்கள்.

கேள்வி: கூட்டத்தில் எதைச் சொன்னாலும் 'யா, யா' என்று தலையாட்டுகிறார்கள். ஒப்புக்கொண்டார்கள் என்று நினைத்து வேலையைத் தொடங்கினால், ஒரு வாரம் கழித்து அது முடியாது என்று யார் மூலமாகவோ செய்தி வருகிறது. ஏன் நேரிலேயே சொல்ல மாட்டேன் என்கிறார்கள்? (சென்னை வாசகர்)

தெற்கு வியட்நாமில் 'யா' என்றும் வடக்கில் 'ஸா' என்றும் ஒலிக்கும் அந்தச் சொல்லுக்கு 'ஆம்' என்று பொருள் இல்லை. பெரியவர் பேசும்போது 'ம், சொல்லுங்க' என்று நாம் சொல்வோமே, அதுதான் அது. 'நீங்கள் சொல்வது காதில் விழுகிறது, மரியாதையோடு கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதற்கு மேல் அதில் வாக்குறுதி எதுவும் கிடையாது. சபை நடுவில் மூத்தவர் ஒருவரின் யோசனையை மறுத்தால் சொன்னவருக்கும் கேட்டவருக்கும் முகம் கெட்டுப்போகும். அதனால் மறுப்பு எப்போதும் பக்கவாட்டில்தான் வரும்: 'கொஞ்சம் கடினம்', 'பார்க்கலாம்', அல்லது ஒரு மௌனமும் சிரிப்பும். அந்தச் சிரிப்பைத்தான் வெளிநாட்டினர் அதிகம் தவறாகப் படிக்கிறார்கள். கையிலிருந்த மாதிரியைக் கீழே போட்டு உடைத்துவிட்டு ஓர் இளைஞர் சிரிக்கிறார் என்றால் அவர் உங்களைக் கேலி செய்யவில்லை, வெட்கத்தில் குறுகிப்போயிருக்கிறார்.

கூட்டத்தில் 'முடியுமா' என்று கேட்காதீர்கள். 'இதில் எது சிக்கலாக இருக்கும்' என்று கேளுங்கள். அதையும் கூட்டம் முடிந்தபின், காப்பிக் கடையில், ஒருவரிடம் மட்டும் கேட்டால் உண்மை கிடைக்கும். நம் ஊரிலும் பெரிய மனிதர்களின் கூட்டங்களில் முடிவுகள் வராந்தாவில்தானே எடுக்கப்படுகின்றன?

கேள்வி: ஏற்றுமதி ஆயத்த ஆடையில் வியட்நாம் எங்களை முந்திப் பல காலமாகிறது. அங்கே கூலி குறைவு, தொழிலாளர் தகராறே கிடையாது, கம்யூனிஸ்ட் கட்சி வைத்ததே சட்டம் என்று எங்கள் சங்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். உண்மையா? (திருப்பூர் வாசகர்)

மூன்றுமே பாதி உண்மை கூட இல்லை. கூலியை முதலில் பார்ப்போம். நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்துக் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கிறார்கள். 2024 ஜூலையில் முதல் மண்டலத்துக்கு, அதாவது ஹனோய், ஹோசிமின் நகரம் முதலிய பெருநகர்ப் பகுதிகளுக்கு, மாதம் 49,60,000 டாங் என்று அறிவித்தார்கள். ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 300 டாங் என்று வைத்துக்கொண்டால் 16,500 ரூபாய். இது அடித்தளம்தான், மிகுதிநேர வேலையும் படிகளும் சேர்ந்து கைக்கு வருவது இதைவிட அதிகம். மிகுதிநேரத்துக்கு வேலை நாளில் ஒன்றரை மடங்கு, வார விடுமுறையில் இரு மடங்கு, பண்டிகை விடுமுறையில் மும்மடங்கு. வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதே வரம்பு. மிகுதிநேரம் ஆண்டுக்கு 200 மணி; ஆடை, காலணி போன்ற சில துறைகளுக்கு மட்டும் என்றிருந்த 300 மணி வரம்பு, 2022 முதல் தொழிலாளி ஒப்புக்கொண்டால் பெரும்பாலான வேலைகளுக்கும் பொருந்தும். சமூகக் காப்பீடு, மருத்துவக் காப்பீடு, வேலையின்மைக் காப்பீடு என்று நிறுவனம் தன் பங்காகக் கட்டுவது சம்பளத்தில் 21.5 விழுக்காடு. ஆகவே அவர்கள் முந்தியதற்குக் குறைந்த கூலி காரணமில்லை. 1986 இல் 'டோய் மோய்' என்ற பெயரில் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது, துறைமுகங்களை ஒட்டிப் பெரிய தொழிற்பேட்டைகளை அமைத்தது, 2020 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியத்தோடு தாராள வணிக ஒப்பந்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது ஆகியவற்றில்தான் காரணத்தைத் தேட வேண்டும். ஆண்டுக்கு 4,000 கோடி டாலருக்கு மேல் துணியும் ஆடையும் அங்கிருந்து கப்பலேறுகின்றன.

தகராறே இல்லை என்பதை அந்நாட்டு மேலாளர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். 1929 இல் தோன்றிய தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஒன்றுதான் நாடு முழுதும் இருக்கிறது, அது கட்சியின் கீழ் இயங்குகிறது. சட்டப்படியான வேலைநிறுத்தத்துக்கு ஏறவேண்டிய படிகள் பல. எனவே அங்கே நடக்கும் வேலைநிறுத்தங்களில் ஏறக்குறைய எல்லாமே சங்கத்தின் அறிவிப்பில்லாமல் நடப்பவை. காலையில் வரிசை வரிசையாக இயந்திரங்கள் நிற்கும். யார் தலைவர் என்று கேட்டால் யாரும் முன்னே வர மாட்டார்கள். ஆண்டின் இறுதியில், பண்டிகை ஊக்கத்தொகை அறிவிக்கப்படும் நாட்களில் இது அதிகம்.

2015 இல் நடந்த ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். வேலையை விட்டுப் போகிறவர் காப்பீட்டுத் தொகையை மொத்தமாக எடுத்துக்கொள்ள முடியாது, ஓய்வு வயதுவரை காத்திருக்க வேண்டும் என்று ஒரு புதிய சட்டப்பிரிவு வந்தபோது, ஹோசிமின் நகரில் ஒரு பெரிய காலணித் தொழிற்சாலையின் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் நாட்கணக்கில் வேலைக்குப் போகவில்லை. முதலாளிக்கு எதிராக இல்லை, அரசின் சட்டத்துக்கு எதிராக. ஒரு கட்சி ஆளும் நாட்டில். அரசு இறங்கி வந்து, மொத்தமாக எடுத்துக்கொள்ளும் வழியைத் திறந்துவிட்டது. சரியாக ஓராண்டு கழித்து, 2016 ஏப்ரலில், வருங்கால வைப்புநிதியை எடுக்க இதே போன்ற கட்டுப்பாடு நம் நாட்டில் வந்தபோது பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், சாலைக்கு வந்து அதைத் திரும்பப் பெற வைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒருவரையொருவர் அறியாத இரண்டு ஊர்த் தையல்காரப் பெண்களுக்கும் ஒரே கணக்குதான்: அறுபது வயதுப் பணம் யாருக்கு வேண்டும், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் இந்த ஜூனில் அல்லவா?

அண்ணன், அக்கா என்று அழைத்துக்கொள்வதால் எல்லாம் சுமுகமாகிவிடும் என்று அங்கே தொழிற்சாலை வைத்த சில வெளிநாட்டவர் நம்பி ஏமாந்ததுண்டு. உறவுமுறை அங்கே உரிமையையும் கொண்டுவருகிறது. பெரியப்பா என்று கூப்பிடுகிறவன் பண்டிகைக்குப் பெரியப்பாவிடமிருந்து எதிர்பார்க்கவும் செய்வான்.

கேள்வி: பெண்கள் வேலைக்குப் போவதில் அங்கே நிலைமை எப்படி? (மதுரை வாசகி)

பேருந்து நடத்துநர், வங்கி மேலாளர், சிமெண்டு மூட்டை சுமப்பவர், நீதிபதி என்று எங்கும் பெண்கள் தென்படுவார்கள். போர்க்காலத்தில் ஆண்கள் களத்துக்குப் போனபோது வயலும் ஆலையும் அவர்கள் கையில் இருந்ததன் தொடர்ச்சி அது. 1973 பாரிஸ் அமைதி உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரான நுயென் தி பின், பின்னாளில் துணைக் குடியரசுத் தலைவராக இருந்தார். 2021 இல் தேர்ந்தெடுக்கப்பட்ட தேசியப் பேரவையில் பெண்கள் 30 விழுக்காடு.

சட்டத்தில் நீங்கள் கவனிக்கத்தக்கவை சில உள்ளன. பேறுகால விடுப்பு ஆறு மாதம். குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை தாய்க்கு நாளொன்றுக்கு 60 நிமிடம் சம்பளத்தோடு விலக்கு. மாதவிடாய் நாட்களில் நாளொன்றுக்கு 30 நிமிட ஓய்வு, அதுவும் சம்பளத்தோடு. பல தொழிற்சாலைகளில் அந்த அரை மணியை யாரும் எடுத்துக்கொள்வதில்லை, இலக்கு துண்டுக் கணக்கில் இருக்கும்போது எழுந்து போக மனம் வராது. ஓய்வு வயது 2020 வரை ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 55 என்றிருந்தது. 2021 முதல் ஆண்டுக்குச் சில மாதங்களாக உயர்த்தி, ஆண்களுக்கு 2028 இல் 62, பெண்களுக்கு 2035 இல் 60 என்று கொண்டுபோகிறார்கள். வெளியே இவ்வளவு இருந்தும், வீட்டில் சமையலும் மாமியாரும் பெண்ணுக்கே. உலக மகளிர் நாளான மார்ச் 8 அன்றும், வியட்நாமிய மகளிர் நாளான அக்டோபர் 20 அன்றும் அலுவலகத்து ஆண்கள் எல்லோரும் பூங்கொத்தோடு வந்து நிற்பார்கள். 'மற்ற 363 நாளும் பாத்திரம் யார் தேய்ப்பது' என்று எங்கள் கணக்குப் பிரிவு அக்கா பூவை வாங்கிக்கொண்டே கேட்பார்.

கேள்வி: ஜனவரி கடைசியில் அனுப்ப வேண்டிய சரக்குக்கு, மார்ச்சில்தான் முடியும் என்கிறார்கள். பொங்கல் போல நான்கு நாள் விடுமுறைதானே? (கரூர் வாசகர்)

சட்டப்படி 'தெத்' எனும் சந்திரப் புத்தாண்டுக்கு ஐந்து நாள்தான். ஆனால் அதை ஐந்து நாளாக யாரும் எண்ணுவதில்லை. பன்னிரண்டாம் சந்திர மாதத்து 23 ஆம் நாள் அடுப்படித் தெய்வம் கெண்டை மீன் மேலேறி விண்ணுலகுக்குப் போய் வீட்டுக் கணக்கை ஒப்புவிப்பதாக நம்பிக்கை. அன்றைக்கே மனம் ஊருக்குக் கிளம்பிவிடும். தீபாவளி, பொங்கல், குலதெய்வ வழிபாடு மூன்றையும் ஒரே வாரத்தில் வைத்து, கூடவே எல்லோருக்கும் ஒரு வயது கூடும் நாளையும் சேர்த்துக்கொண்டால் தெத் எப்படியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். வடக்கில் இளஞ்சிவப்புப் பீச் மலர்க்கிளை, தெற்கில் மஞ்சள் மாய் மலர், எங்கும் காய்த்துக் குலுங்கும் சிறு ஆரஞ்சுச் செடி ஆகியவை மோட்டார் சைக்கிள்களின் பின்னால் ஆடிக்கொண்டே போகும். பச்சரிசி மாவில்லை, ஒட்டும் அரிசியையே பாசிப்பயறும் பன்றிக்கறியும் வைத்து இலையில் கட்டி இரவு முழுக்க வேகவைக்கும் 'பான் சுங்' பொட்டலத்துக்காகக் குடும்பமே அடுப்பைச் சுற்றி விழித்திருக்கும். முதல் நாள் வீட்டைப் பெருக்கக்கூடாது, செல்வம் போய்விடும். முதலில் வாசற்படி மிதிப்பவரின் ராசி ஆண்டு முழுக்க வீட்டைத் தொடரும் என்பதால், யார் முதலில் வரவேண்டும் என்பதை முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள்.

தெத்துக்கு முன் கொடுக்கும் ஊக்கத்தொகையைப் 'பதின்மூன்றாம் மாதச் சம்பளம்' என்பார்கள். சட்டத்தில் கட்டாயமில்லை, கொடுக்காத நிறுவனத்தில் தெத் கழிந்தபின் பாதி நாற்காலி காலியாக இருக்கும். ஊருக்குப் போனவர்கள் அப்படியே வேறு ஆலைக்குப் போய்விடுவதும் உண்டு என்பதால், திரும்பிவரும் முதல் நாளில் மேலாளரே வாசலில் நின்று 'லீ சீ' எனும் சிவப்பு உறையில் காசு கொடுத்து வரவேற்கிறார்கள். வரிசை முழு வேகத்துக்கு வர இரண்டு, மூன்று வாரமாகும். அவர்கள் சொன்ன மார்ச் நியாயமானதுதான். தேதி ஆண்டுதோறும் ஜனவரி பின்பகுதிக்கும் பிப்ரவரி பின்பகுதிக்கும் இடையே நகரும். நாட்காட்டி பார்த்து, இரண்டு மாதம் முன்னதாகவே கேட்டுவிடுங்கள். அப்படியே ஏழாம் சந்திர மாதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அது அவர்களுடைய ஆடி; புதுக்கடை திறக்கவும் வீடு வாங்கவும் தயங்குவார்கள். அட்சய திருதியைக்கும் ஈடு உண்டு: முதல் மாதம் பத்தாம் நாள், செல்வத் தெய்வத்தின் நாளென்று நகைக்கடை வாசலில் விடியுமுன்னே வரிசை நிற்கும்.

கேள்வி: சைவ உணவுக்காரன் அங்கே பிழைக்க முடியுமா? (மயிலாடுதுறை வாசகர்)

முடியும், ஒரு சொல் தெரிந்திருந்தால்: 'சாய்'. பௌத்த வழக்கப்படியான சைவ உணவுக்கு அதுதான் பெயர். அந்தப் பலகை தொங்கும் கடைகள் எல்லா நகரங்களிலும் உண்டு. அமாவாசை ஒட்டிய முதல் நாளும் பௌர்ணமியும் பலர் சைவம் என்பதால் அன்று கூட்டம் அள்ளும். மற்ற கடைகளில் 'கறி வேண்டாம்' என்று சொன்னால் கறியை எடுத்துவிட்டு மீன் சாற்றை ஊற்றித் தருவார்கள்.

கேள்வி: என் பாட்டனார் சைகோனில் கடை வைத்திருந்தார். அங்கே நகரத்தார் கோயில் இன்னும் இருக்கிறதா? (காரைக்குடி வாசகர்)

இருக்கிறது. இன்றைய ஹோசிமின் நகரின் மையப்பகுதியில், டோன் தட் தியெப் தெருவில் தண்டாயுதபாணி கோயிலும், சற்றுத் தள்ளி ட்ருவோங் டின் தெருவில் மாரியம்மன் கோயிலும் நிற்கின்றன. பிரெஞ்சு ஆட்சியில் நெல் வியாபாரத்துக்கும் நிலத்துக்கும் கடன் கொடுத்த செட்டியார்களோடு, புதுச்சேரி, காரைக்காலிலிருந்து பிரெஞ்சுக் குடிகளாக வந்து காவலிலும் சுங்கத்திலும் வரி வசூலிலும் வேலை பார்த்தவர்களும் அங்கே பலர். போர் முடிந்த 1975 க்குப் பின் பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள்.

ஆனால் மாரியம்மன் கோயில் வெறிச்சோடவில்லை. உள்ளூர்க்காரர்கள் அதை 'இந்திய அம்மன் கோயில்' என்ற பொருளில் அழைத்து, கைநிறைய ஊதுவத்தியோடு வருகிறார்கள். நான் போன மாலையில் நம் முகம் ஒன்றுகூட இல்லை. சீருடையோடு வந்த வங்கி ஊழியர் ஒருத்தி, கருவறையின் பின்சுவரில் நெற்றியை ஒட்டவைத்து, கருங்கல்லோடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் நான்கு பேர் தங்கள் முறைக்கு நின்றார்கள். அந்தக் கல்லுக்குச் சொன்னால் அம்மனுக்குக் கேட்கும் என்பது அவர்களாக உண்டாக்கிக்கொண்ட வழக்கம்.

கேள்வி: வியட்நாம் காப்பி நம் கும்பகோணம் காப்பியை மிஞ்சுமா? (கும்பகோணம் வாசகர்)

உங்கள் ஊர்க்காரரிடம் இதற்கு உண்மையான பதில் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. பிரேசிலுக்கு அடுத்தபடியாக உலகில் அதிகம் காப்பி விளைவது அங்கேதான். பெரும்பகுதி மத்திய மலைநாட்டின் ரொபஸ்டா, கசப்பு தூக்கலாக இருக்கும். வடிகட்டி நம்முடையது போலவே உலோகம்தான், ஆனால் ஆளுக்கொன்று, கோப்பையின் தலையிலேயே உட்கார்ந்து மேசையில் வந்துவிடும், கீழே கெட்டிப்பால். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் பசும்பால் அரிதாக இருந்ததால் டப்பாப் பால் வந்து நிலைத்துவிட்டது. 1946 இல் பாலே கிடைக்காத ஹனோயில் முட்டை மஞ்சட்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்துக் காப்பியில் மிதக்கவிட்டார் ஒரு விடுதிப் பணியாளர். அந்த முட்டைக் காப்பிக்கு இன்றும் வரிசை நிற்கிறது. சொட்டுச் சொட்டாக இறங்கும் அந்த ஐந்து நிமிடத்தில் யாரும் வேலையைப் பற்றிப் பேச மாட்டார்கள். முதல் வாய் உள்ளே போனபின்தான் விலை பேச்சு தொடங்கும்.

கேள்வி: உடன் வேலை பார்க்கும் வியட்நாமியரின் திருமணத்துக்கு ஹைஃபோங் நகருக்குப் போகிறேன். என்ன பரிசு வாங்கிப் போகலாம்? (தூத்துக்குடி வாசகி)

எதுவும் வாங்க வேண்டாம், மொய் எழுதுங்கள். அழைப்பிதழ் வந்த உறையைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். அதிலேயே பணத்தை வைத்து, உங்கள் பெயர் வெளியே தெரியும்படி, மண்டப வாசலில் இருக்கும் பெட்டியில் போடுவதுதான் வழக்கம். பெரும்பாலும் இதய வடிவில் சிவப்பாக இருக்கும், தவறவிட முடியாது. அலுவலக நண்பர்களிடையே ஐந்து லட்சம் டாங் பொதுவாகப் புழங்கும் தொகை. பூச்சியங்களைப் பார்த்து மிரள வேண்டாம், நம் பணத்தில் இரண்டாயிரத்துக்கும் கீழே. நெருக்கமானவர் என்றால் இரு மடங்கு. அன்றிரவே வீட்டார் பிரித்து நோட்டில் எழுதிவிடுவார்கள், உங்கள் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்ய வேண்டுமே. உறை தொலைந்திருந்தால் சிவப்பு உறை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளை மட்டும் கூடாது, அது சாவு வீட்டுக்கு. விருந்தில் ஒவ்வொரு மேசையாக எழுந்து 'மோட், ஹாய், பா' என்று ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிக் கோப்பையை உயர்த்துவார்கள். உங்கள் கோப்பையில் தேநீர் இருந்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், உயர்த்தாமல் உட்கார்ந்திருந்தால்தான் கவனிப்பார்கள். திரும்பி வரும்போது வண்டி ஓட்டப்போகிறவர் யார் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 2020 முதல் ஓட்டுநர் மூச்சில் துளி மது இருந்தாலும் அபராதம்.